பசங்களுக்கு முதல் மட்டக்குதிரை வாங்கப் போறீங்களா? வடசென்னைக்காரங்களுக்கு ஒரு கைடு

உங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குதா, மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போனா அலைய விட்டுட்டு குதிரை பின்னாடியே ஓடுறது, தெருவுல மாப்பிள்ளை ஊர்வலம் வந்தா மாப்பிள்ளைய பாக்காம அவரு உக்காந்திருக்குற குதிரைக்கு வெல்லம் குடுக்கலாமான்னு கேக்குறது? அப்படி ஒரு புள்ளைக்காக ஒரு சின்ன மட்டக்குதிரை வாங்கிடலாமான்னு யோசிக்கிற அப்பா அம்மாவுக்குத்தான் இத எழுதுறேன். வடசென்னைல இருந்துகிட்டே இத பண்ண முடியும், ஆனா வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல இடம், அப்புறம் பாத்துக்க ஆள், அப்புறம் தீனி, அதுக்கப்புறம்தான் குதிரை. குதிரைலயும் முதல்ல குணம், அடுத்து காலு, கடைசியாத்தான் கலர். நம்ம ஜனங்க பண்றது அப்படியே தலைகீழ், வெள்ளையா பளபளன்னு ஒண்ண பாத்து மயங்கி அட்வான்ஸ் குடுத்துடுறது, அப்புறம் இத எங்க கட்டுறதுன்னு தெருத்தெருவா தேடுறது.

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி மாதிரி வீட்ட ஒட்டி வீடு இருக்குற எடத்துல குதிரை கட்டுறத மறந்துடுங்க. பக்கத்து வீட்டுல மாடு கட்டியிருக்காங்களேன்னு கேப்பீங்க, மாடு படுத்து அசை போட்டுகிட்டே பொழுத ஓட்டிடும், குதிரை அப்படி இல்ல, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மேஞ்சுகிட்டு நடந்துகிட்டே இருக்கப் பொறந்த ஜீவன், ரெண்டடி கயித்துல கட்டிப் போட்டா கொஞ்ச நாள்லயே கட்டையக் கடிக்க ஆரம்பிக்கும், நின்ன எடத்துலயே இப்படியும் அப்படியும் ஆடிகிட்டு இருக்கும், கிட்ட வர்ற பசங்களையும் கடிக்கும். அதனால மாதவரம் தாண்டி செங்குன்றம், சோழவரம், மீஞ்சூர் பக்கம் சொந்தக்காரங்க நிலமோ மாட்டுப்பண்ணையோ இருக்கான்னு விசாரிங்க. ஏற்கெனவே குதிரை வச்சிருக்குறவங்க கொட்டகைல வாடகைக்கு ஒரு தடுப்பு கிடைச்சா அதுதான் பெஸ்ட், ஏன்னா குதிரை தனியா இருந்தா ஏங்கிப் போயிடும், இன்னொரு குதிரை இல்லன்னா ஒரு ஆடாவது கூட வேணும்.

இடம் பாக்கும்போது அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இங்க தண்ணி எதுவரைக்கும் வரும்னு அக்கம்பக்கத்துல இருக்குற பெரியவங்க கிட்ட கேளுங்க, நிலத்துக்காரர் கிட்ட கேக்காதீங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ மணலி, எண்ணூர் பக்கம் தண்ணி எப்படி நின்னுச்சுன்னு நமக்குத் தெரியும், எண்ணூர்ல அதோட எண்ணெய்ப்படலமும் சேந்து வந்துச்சு. தேங்குன தண்ணிலயும் சேத்துலயும் நின்னா குளம்புக்கு அடிப்பக்கம் அழுகிடும், அதனால தரைய மேடு தூக்கி சாய்வா போடணும். ஒரு மட்டக்குதிரைக்குக் குறைஞ்சது 10க்கு 10 அடி வேணும், மூணு பக்கமாவது காத்து வரணும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டிருந்தா மேல தென்னங்கீத்து போட்டுடுங்க, இல்லன்னா மே மாசம் உள்ள அடுப்புதான். சாணி ஒரு நாளைக்குப் பத்து கிலோ வாக்குல வரும், அத யாரு அள்ளுறது எங்க கொட்டுறதுன்னு அன்னைக்கே பேசி முடிச்சுடுங்க.

அடுத்து ஆள். நீங்க திருவொற்றியூர்ல இருந்துகிட்டு தினம் ரெண்டு வேளை செங்குன்றம் போயிட்டு வரேன்னு சொன்னா அது முதல் வாரம் வரைக்கும்தான் நடக்கும். குதிரைய தெரிஞ்ச ஒருத்தர் தினமும் அங்க இருக்கணும், கிண்டி பக்கம் குதிரைய பாத்துக்குறவர சைஸ்னு சொல்வாங்களே அந்த மாதிரி. வாங்குற விலை ஒரு தடவையோட போயிடும், தீனி, கொட்டகை வாடகை, ஆள் சம்பளம், 6 வாரத்துல இருந்து 8 வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவுறவருக்கு, டாக்டருக்கு, இதெல்லாம் வந்துகிட்டே இருக்கும். குதிரை 25 வருஷம், 30 வருஷம் கூட வாழும். இதையெல்லாம் எழுதிக் கூட்டிப் பாத்து, அந்தத் தொகைய குதிரை இல்லாமயே ஒரு மூணு மாசம் தனியா எடுத்து வச்சுப் பாருங்க, குடும்பம் தாங்குதான்னு அப்பவே தெரிஞ்சிடும். அந்த மூணு மாசமும் பசங்கள ரைடிங் க்ளாஸ்ல விடுங்க, நம்ம பக்கத்துல இருந்து தூரம்தான் இருந்தாலும் பரவால்ல, ஏறி உக்கார்றது மட்டும் இல்லாம சாணி அள்ளுறது, குளம்பு சுத்தம் பண்றது, தேய்ச்சு விடுறது எல்லாத்தையும் செய்யச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் புள்ளைக்கு ஆசை கொறையலன்னா தாராளமா அடுத்த படிக்குப் போகலாம்.

எந்த மாதிரி குதிரைன்னு வருவோம். 14.2 ஹேண்ட் வரைக்கும் உயரம் இருந்தா போனி, அதாவது மட்டக்குதிரை கணக்கு, ஒரு ஹேண்ட்னா 4 இஞ்ச், 14.2ன்னா 14 ஹேண்டும் 2 இஞ்சும், ஆக மொத்தம் 58 இஞ்ச். கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்குற எடத்துல ஒரு மேடு இருக்கும் பாருங்க, தரைல இருந்து அது வரைக்கும்தான் அளக்கணும், தலை வரைக்கும் இல்ல. ஏழு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்குற பசங்களுக்கு 11ல இருந்து 13 ஹேண்ட் வரைக்கும் சரியா இருக்கும். ஏறுற ஆள் வெயிட்டும் சேணம் வெயிட்டும் சேந்து குதிரை வெயிட்ல அஞ்சுல ஒரு பங்கத் தாண்டக் கூடாது, அதாவது 200 கிலோ மட்டத்துக்கு, மட்டக்குதிரையத்தான் சொல்றேன், 40 கிலோதான் உச்சம், அதுக்கும் கீழ இருந்தா இன்னும் நல்லது. அப்பா ஒரு ரவுண்டு போறேன்னு ஆசைப்படக் கூடாது.

குதிரையோட வயசு 8ல இருந்து 15 வரைக்கும் பாருங்க. குட்டிய வாங்குனா புள்ளையோட சேந்தே வளரும்னு சொல்வாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணும் தெரியாத புள்ளை மேல ஒண்ணும் தெரியாத குட்டிய கட்டிவிட்டா ரெண்டும் பயந்து ரெண்டும் அடிபடும். உலகத்த பாத்து முடிச்ச, லாரி ஹாரனுக்குக் கூட காத மட்டும் திருப்பிட்டு புல்ல மேயுற வயசான மட்டம்தான் புள்ளைக்கு வாத்தியார். பெட்டைக் குதிரையோ காயடிச்ச ஆணோ எடுங்க. நம்ம பக்கம் விக்கிற ஆண் குதிரைல நிறைய காயடிக்காதது, பக்கத்துல ஒரு பெட்டை வந்துட்டா போதும், முதுகுல புள்ளை இருக்குறதெல்லாம் அதுக்கு ஞாபகம் இருக்காது. மார்வாரி, கத்தியவாரி ரெண்டும் அழகு, காது உள்பக்கமா வளைஞ்சு நுனி ஒண்ண ஒண்ணு தொடுற மாதிரி இருக்கும், ஆனா உயரமும் ஜாஸ்தி வேகமும் ஜாஸ்தி, முதல் குதிரைக்கு அது வேணாம். ரேஸ்ல ஓடி ரிட்டையர் ஆன குதிரை சும்மா கூட குடுப்பாங்க, அதையும் புள்ளைக்குன்னு எடுக்காதீங்க, ஓடுறதுக்குன்னே வளத்தது அது.

எங்க தேடுறது? ஈரோடு மாவட்டம் அந்தியூர்ல ஆடி மாசம் குருநாதசாமி கோயில் திருவிழாவுல பெரிய குதிரைச் சந்தை கூடும், ஒரு தடவை பசங்கள கூட்டிட்டுப் போய் காட்டுங்க, கண்ணுக்கு விருந்து. ஆனா முதல் குதிரைய சந்தைல வாங்காதீங்க, அந்தக் கூட்டத்துல சத்தத்துல அதோட நெஜ குணம் என்னன்னு தெரியாது, திருப்பிக் குடுக்க ஆளையும் பிடிக்க முடியாது. ரைடிங் ஸ்கூல்ல சின்னப் பசங்கள ஏத்தி ஏத்திப் பழகின மட்டத்த எப்பவாவது விப்பாங்க, சொல்லி வச்சுக் காத்திருங்க. பீச்ல சவாரி விடுற குதிரை கூட்டத்துக்குப் பழகியிருக்கும், ஆனா ஒருத்தர் கயித்தப் புடிச்சு இழுத்துகிட்டே போய் வந்த பழக்கம்தான், தனியா ஓட்டுனா நகராது, இல்லன்னா கூட்டாளி இருக்குற பக்கமே திரும்பும். கல்யாண ஊர்வலக் குதிரைய பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். பேண்டு, வெடி எதுக்கும் பயப்படாதுன்னு சொல்லி விப்பாங்க, அது உண்மைதான், ஆனா அதுல பல குதிரைக்கு மேளம் கேட்டா காலத் தூக்கி ஆடணும்னு பழக்கியிருப்பாங்க. நம்ம ஏரியால சாமி ஊர்வலமும் சாவு மேளமும் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும், புள்ளை மேல உக்காந்திருக்கும்போது அது ஆட ஆரம்பிச்சா? அதனால பாக்கப் போறப்ப போன்ல மேளச் சத்தத்த வச்சுப் பாருங்க.

பாக்கப் போற நாள்தான் ரொம்ப முக்கியம், இங்கதான் பொறுமை வேணும். பத்து மணிக்கு வரோம்னு சொல்லிட்டு எட்டரைக்கே போய் நில்லுங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி நல்லா ஓட்டிக் களைப்பாக்கி நிறுத்துறதும் உண்டு, ஊசி போட்டு சாதுவாக்குறதும் வலி தெரியாம பண்றதும் உண்டு. நெஞ்சுலயும் முதுகுலயும் கைய வச்சுப் பாருங்க, வேர்வை காஞ்சு உப்புப் பூத்திருந்தா காலைலயே ஓட்டியிருக்காங்க. கண்ணு சொருகி கீழ் உதடு தொங்கி தலை மொழங்கால் வரைக்கும் தொங்குனா அன்னைக்கு ஒண்ணும் பேசாம கிளம்பிடுங்க, இன்னொரு நாள் சொல்லாம வாங்க.

விக்கிறவர குதிரையப் புடிச்சுக் கட்டி வைக்கச் சொல்லாம, உங்க கண்ணு முன்னாடி அவிழ்த்து விட்டு மறுபடி பிடிக்கச் சொல்லுங்க. பிடிக்கவே அரைமணி ஓடுனா உங்க புள்ளைக்கு அது ஒத்து வராது. பக்கத்துல போறப்ப காத பின்னாடி ஒட்ட மடக்கி வச்சா கோவம், முன்னாடி நீட்டி மோந்து பாத்தா நல்லது. நாலு காலையும் ஒவ்வொண்ணா தூக்கச் சொல்லுங்க, தூக்குனதும் குளம்பு அடில மூக்க கொண்டு போங்க, மண்ணு வாசனை வந்தா சரி, அழுகுன நாத்தமும் கருப்பா கசிவும் இருந்தா கவனிக்காம விட்டுருக்காங்க. அடுத்து வாய். உதட்டோரத்த லேசா விலக்கிப் பாருங்க, ரெண்டு பக்கமும் மழமழன்னு ரோஸா இருக்கணும், தழும்பேறி தடிச்சிருந்தாலோ கிழிஞ்சு ஆறுன கோடு இருந்தாலோ அது மாட்டியிருந்த கடிவாளத்த எடுத்துக் காட்டச் சொல்லி விரலால தடவிப் பாருங்க, வாய்க்குள்ள போற கம்பில முள்ளு முள்ளா இருக்கும் சிலதுல. முள்ளுக் கடிவாளம் போடுறது 1965ல வந்த மிருகவதைத் தடுப்பு விதிப்படியே தப்பு, அது இல்லாம அந்தக் குதிரை நிக்காதுன்னா புள்ளை கைல கண்டிப்பா நிக்காது.

வயச பல்லுல பாக்கலாம். 5 வயசுக்குள்ள பால் பல்லு எல்லாம் விழுந்து நிரந்தரப் பல்லு வந்துடும். மேல் வரிசை முன்பல்லுல கடைக்கோடில இருக்குற பல்லப் பாருங்க, 10 வயசு வாக்குல ஈறு பக்கத்துல பழுப்பா ஒரு கோடு ஆரம்பிக்கும், 15ல பாதி பல்லு வரைக்கும் இறங்கும், 20ல முழுசா வந்துடும். ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னப் பின்ன இருக்கும், ஆனா எட்டு வயசுன்னு சொல்லிட்டு கோடு பாதிக்கு இறங்கியிருந்தா பொய்யின்னு தெரிஞ்சிடும்ல.

அப்புறம் கெட்டித் தரைல நேரா ஓட்டிட்டு வரச் சொல்லுங்க, நடையில இல்ல, துள்ளு ஓட்டத்துல. கயித்த தளர்வா பிடிக்கச் சொல்லணும், இழுத்துப் பிடிச்சா நொண்டுறது தெரியாது. முன்னங்கால்ல வலி இருந்தா அந்தக் கால் தரைல படுறப்ப தலைய மேல தூக்கும், நல்ல கால் படுறப்ப தலை கீழ இறங்கும், அதையே பாத்துகிட்டு நில்லுங்க. ஏறிக் காட்டுறதுல முதல்ல விக்கிறவர் ஏறணும், அடுத்து உங்க கூட வந்த ரைடிங் தெரிஞ்ச ஆள், கடைசியாத்தான் புள்ளை. மத்த குதிரைங்கள விட்டுத் தள்ளிக் கொண்டு போய்ப் பாருங்க. பக்கத்துல குடைய விரிங்க, ப்ளாஸ்டிக் கவர ஆட்டுங்க, ஆட்டோ ஹாரன் அடிக்கச் சொல்லுங்க. திடுக்குன்னு பாத்துட்டு நின்னா பரவால்ல, திரும்பி ஓடுனா வேணாம்.

தரகர் கூட இருப்பாரு. "அண்ணே, பஞ்சகல்யாணிண்ணே, சுழி சுத்தம், வீட்டுக்கு லட்சுமி வந்த மாதிரி, பாப்பா கூட ஏறலாம்"னு ஆரம்பிப்பாரு. நாலு காலும் மூஞ்சியும் வெள்ளையா இருக்குறதுக்கும் எந்த எடத்துல சுழி இருக்குங்குறதுக்கும் விலை ஏறும் எறங்கும், அது காலங்காலமா இருக்குற நம்பிக்கை, வீட்டுப் பெரியவங்களுக்கு மனசுக்கு முக்கியம்னா பாத்துக்குங்க. ஆனா சுழி நல்லா இருக்குங்குறதுக்காக கடிக்கிற குதிரைய வாங்காதீங்க, சுழி சரியில்லன்னு ஒருத்தர் ஒதுக்குன சாதுக் குதிரை கம்மி விலைக்கு வந்தா அத விடாதீங்க. துண்டுக்கு அடில விரல் பிடிச்சு விலை பேசுறதெல்லாம் உங்களுக்குப் பழக்கம் இல்லன்னா வெளிப்படையா வாய்விட்டே பேசுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

பிடிச்சிருந்தா கூட டாக்டர் பாக்காம பணம் குடுக்காதீங்க. வேப்பேரில 1903ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி நம்ம பக்கத்துலயே இருக்கு, அங்க விசாரிச்சா குதிரை பாக்குற டாக்டர் யாருன்னு தெரியும். விக்கிறவர் கூட்டிட்டு வர்ற டாக்டர் வேணாம், நீங்களே ஏற்பாடு பண்ணுங்க. கண்ணு, இதயம், நுரையீரல், காலு எல்லாம் பாக்கணும். ரத்தம் எடுத்து கிளாண்டர்ஸ் டெஸ்ட் கண்டிப்பா பண்ணச் சொல்லுங்க, அது குதிரைகிட்ட இருந்து மனுசனுக்கும் ஒட்டுற நோய், மருந்து குடுத்துக் காப்பாத்துற வழி கிடையாது, உறுதி ஆனா சட்டப்படி அந்தக் குதிரைய கருணைக்கொலைதான் பண்ணணும், ஹரியானா ஹிசார்ல இருக்குற தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இந்த டெஸ்டுக்குப் பேர் போனது. ஈ கடிச்சுப் பரவுற சர்ரா நோயையும் சேத்துப் பாத்துடுங்க. எல்லாம் சரியா வந்தா வித்தவர் பேரு, குதிரையோட அடையாளம், நாலு பக்கமும் எடுத்த போட்டோ, வயசு, டெஸ்ட் ரிசல்ட் எல்லாத்தோடயும் ஒரு ரசீது எழுதி வாங்குங்க. வண்டில ஏத்துறதுக்கு கால்நடை டாக்டர் தர்ற சர்டிபிகேட் வேணும், அதையும் அப்பவே வாங்கிடுங்க. ராத்திரி நேரத்துல, அடில மணலோ வைக்கோலோ போட்டு, பழகின ஆள் கூட வர ஏத்திட்டு வாங்க.

தீனில நம்மாளுங்க ரொம்ப அசால்ட்டு. 200 கிலோ மட்டத்துக்கு ஒரு நாளைக்குக் காஞ்ச கணக்குல 4 கிலோ புல்லு வேணும், பச்சையா குடுத்தா அது 16, 20 கிலோ வரும், புல்லுல அவ்வளவு தண்ணி. மாட்டுக்குன்னு எல்லாரும் போடுற கம்பு நேப்பியர் புல்ல மட்டுமே குடுத்து கூடவே கோதுமைத் தவிட அள்ளிப் போட்டா ஒடம்புல சுண்ணாம்புச் சத்து கொறைஞ்சு மூஞ்சி எலும்பு வீங்கிடும், காலும் நொண்டும். அருகம்புல்லு நல்லது, குதிரைமசால்னு ஒரு தீவனப் பயிர் இருக்கு, அதையும் கொஞ்சம் கலந்து குடுங்க, கொள்ளு ஊற வச்சோ வேக வச்சோ கைப்பிடி கணக்குல போதும், வேலை செய்யாத குதிரைக்கு அதுவும் வேணாம். கோழித்தீவனம், மாட்டுத்தீவனம் கிட்டயே கொண்டு போகாதீங்க, அதுல கலக்குற மொனென்சின் மாதிரி மருந்து குதிரைய கொன்னுடும். மார்க்கெட்ல மிஞ்சுன காய்கறி, கோயில் பொங்கல், பிரெட்டு எதுவும் வேணாம், குதிரையால வாந்தி கூட எடுக்க முடியாது, உள்ள போனது போனதுதான். கொட்டகை சுத்தி அரளிச் செடி இருந்தா வேரோட பிடுங்கிடுங்க, கொஞ்சம் இலை தின்னாலே உயிர் போகும். தண்ணி எப்பவும் தொட்டில இருக்கணும், வெயில் காலத்துல ஒரு மட்டமே 25, 30 லிட்டர் வரைக்கும் கூட குடிக்கலாம், பக்கத்துல ஒரு உப்புக்கட்டி தொங்கட்டும்.

வயித்து வலிதான் குதிரைக்கு எமன். வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்கும், காலால தரையப் பறிக்கும், படுத்துப் பொரளும், சாணி போடாது. அப்ப தீனிய எடுத்துட்டு உடனே டாக்டர கூப்பிடுங்க, எண்ணெயோ சோடாவோ பாட்டில்ல வாய்க்குள்ள ஊத்தச் சொல்லுற ஆளு ஒருத்தர் கண்டிப்பா வருவாரு, ஊத்த விடாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். சும்மா நிக்கிறப்ப குதிரைக்கு டெம்பரேச்சர் 99ல இருந்து 101 ஃபாரன்ஹீட், நாடி நிமிஷத்துக்கு 28ல இருந்து 44, மட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம். நல்லா இருக்குற நாள்லயே பசங்கள விட்டு அளந்து சுவத்துல எழுதி வைங்க, ராத்திரில டாக்டர் போன்ல கேக்குற முதல் கேள்வியே அதுதான். டெட்டனஸ் ஊசி, தெருநாய் ஜாஸ்திங்குறதால ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து, இதுக்கெல்லாம் டாக்டர் சொல்ற தேதிய காலண்டர்ல குறிச்சுடுங்க. நம்ம ஊரு புழுக்கத்துல சில குதிரைக்கு வேர்க்குறதே நின்னு போயிடும், வேலை செஞ்சும் ஒடம்பு காஞ்சு மூச்சு வாங்குனா தண்ணி ஊத்தி நிழல்ல நிறுத்தி டாக்டர கூப்பிடணும். 37 டிகிரி தாண்டுன நாள்ல மத்தியானம் 12ல இருந்து 3 வரைக்கும் குதிரைய வேலை வாங்கக் கூடாதுன்னு அந்த 1965 விதிலயே இருக்கு, மே மாசம் பூரா காலைல ஏழு மணிக்குள்ள முடிச்சுடுங்க.

புள்ளைக்கு பைக் ஹெல்மெட் வேணாம், குதிரை சவாரிக்குன்னு இஎன் 1384 இல்லன்னா ஏஎஸ்டிஎம் எஃப் 1163 முத்திரை போட்ட ஹெல்மெட் வாங்குங்க. கொஞ்சம் குதிகால் வச்ச ஷூ வேணும், செருப்பும் தட்டையான கேன்வாஸும் அங்கவடிக்குள்ள, அதாவது சேணத்துல கால் வைக்கிற வளையத்துக்குள்ள, வழுக்கி கால் மாட்டிக்கும். சேணம் அந்தக் குதிரை முதுகுக்குன்னு பொருந்தணும்.

வந்த முதல் ரெண்டு மூணு வாரம் மத்த குதிரைங்ககிட்ட இருந்து தள்ளிக் கட்டி, சளி காய்ச்சல் இருக்கான்னு பாருங்க, பழைய எடத்துல தின்ன தீனியவே கொஞ்சம் வாங்கிட்டு வந்து பத்து நாள்ல மெதுவா புதுசுக்கு மாத்துங்க. அது வரைக்கும் யாரும் ஏற வேணாம், பசங்க தேய்ச்சு விடட்டும், கயித்தப் பிடிச்சு நடக்கட்டும், நேரா பின்னாடி போய் நிக்காம தோள் பக்கமாவே போகணும், கயித்த கைல சுத்திக்கக் கூடாதுன்னு தினமும் சொல்லுங்க. ஏற ஆரம்பிச்சப்புறமும் கொஞ்ச மாசம் வேலி போட்ட எடத்துக்குள்ளயே இருக்கட்டும், கண்டெய்னர் லாரி போற மணலி, எண்ணூர் ரோடு பக்கம் கொண்டு போகவே கூடாது. தீபாவளி வாரத்துல கொட்டகைக்குள்ளயே வச்சு, புல்ல நிறைய போட்டு, பழகின ஆள் ராத்திரி கூடவே படுக்க ஏற்பாடு பண்ணிடுங்க.